கஷாயமும் மாத்திரை அட்டையும்

2024-ஆம் ஆண்டு பொங்கல் விழாவில் நமது சங்க மேடையில் ஏறி நான் பேசியது நேயர்களில் பலருக்கு நினைவிருக்கலாம். "வீட்டிலே கஷாயம் இருக்க, கடையிலே மாத்திரை எதற்கு?" என்பது அன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். சபையோர் பொறுத்துக்கொண்டதோடு நில்லாமல் கைதட்டவும் செய்தார்கள். அந்தக் கைதட்டலில் பாதியைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே இன்று இக்கட்டுரையை எழுதுகிறேன். மற்றொரு பாதியை நான் ஏன் வைத்துக்கொள்கிறேன் என்பதையும் முடிவில் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவம் கற்றவனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, பின்னர் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானவன். பார்சல் ஆபீஸில் மூட்டைக்கு எடை போட்டு, ரசீது எழுதி, சீட்டு ஒட்டி அனுப்புவது என் தொழில். ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். நாக்பூருக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகளாகின்றன. வீட்டில் என் தாயார், மனைவி, மூத்தவள், இளையவன் ஆகிய நால்வரும் என்னோடு இருக்கிறார்கள்.

என் தாயார் பொதிகை மலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர். எந்தச் செடி எந்த நோய்க்கு என்பதை அவர் ஏட்டில் படித்தவரல்லர். தம் தாயார் இடித்ததையும் அரைத்ததையும் பார்த்துப் பழகியவர். தகப்பனார் காலமானபின், 2022-ஆம் ஆண்டில், அவர் என்னோடு தங்குவதற்காக ரயிலேறி வந்தார். அவர் கொண்டு வந்தவை இரண்டு சேலைப் பெட்டியும் ஒரு துணிமூட்டையும்தாம். மூட்டையைப் பிரித்தபோது நிலவேம்பு, ஆடாதோடை இலை, சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு என ஒரு நாட்டு மருந்துக் கடையே அதில் அடங்கியிருந்தது. அடுக்களை முழுவதும் எங்கள் ஊரின் மணம் எழுந்தது. அந்த மணத்தில் நான் சிறிது மயங்கிவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளுகிறேன்.

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அப்போது எட்டு வயதாகியிருந்த மூத்தவளுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் கண்டன. கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். அவர் தொண்டையைப் பார்த்தார், சீட்டு எழுதினார், "ஐந்து நாள்" என்றார். என்ன மருந்து, எதற்காக, என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். எனக்கோ மூட்டைக்கு விலை பேசும் அளவுக்குத்தான் இந்தி வரும். நோயைப் பற்றிப் பேசும் அளவுக்கு வராது.

அமாக்சிசிலின், கிளவுலனிக் அமிலம் என்னும் இரண்டும் சேர்ந்த ஆன்டிபயாடிக் அது. இரண்டாம் நாளே குழந்தைக்கு வயிற்றுப்போக்குத் தொடங்கியது. ஒரே நாளில் எட்டு முறை ஓடினாள். மூன்றாம் நாள் முதுகிலும் வயிற்றிலும் செந்தடிப்புகள் தோன்றின. என் தாயார் மருந்துப் புட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். சுக்குக் கஷாயமும் மோரும் புழுங்கலரிசிக் கஞ்சியும் கொடுத்தார். இரண்டு நாளில் வயிறு அடங்கியது, தடிப்பு மறைந்தது, காய்ச்சலும் நின்றது. குழந்தை பள்ளிக்கூடம் சென்றாள்.

கண்ணால் கண்டதை நம்பாமல் இருப்பது எங்ஙனம்? மாத்திரை கெடுத்தது, கஷாயம் காத்தது என்று என் மனத்தில் கல்வெட்டுப் போல் பதிந்துவிட்டது. அன்று முதல் நான் கஷாயப் பிரசாரகனானேன். எங்கள் குடியிருப்பில் யாருக்குத் தும்மல் வந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு பாத்திரம் வந்தது. என் தாயார் சளிக்கும் இருமலுக்கும் கொடுத்தார். வேறு நோய் என்றால், "டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அனுப்பினார். நான் அவ்வளவு அடக்கமாக இருக்கவில்லை. நண்பர் ஒருவர் தம் தாயாருக்கு டாக்டர் ஏழு நாளைக்கு எழுதிய மாத்திரையை மூன்றாம் நாளே நிறுத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டார். "தாராளமாக" என்றேன். அவருடைய மனைவி என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த அம்மையாருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்தப் பெருமிதத்தோடுதான் பொங்கல் மேடையில் ஏறினேன்.

அவ்வாண்டே ஆகஸ்டு மாதத்தில் இளையவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு ஆறு வயது. முதல் மூன்று நாள் யாரும் கவலைப்படவில்லை. மழைக்காலம், பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தோம். நான்காம் நாள் காலையில் சற்றுக் குறைந்தாற்போல இருந்தது. மாலையில் முந்தைய நாளைவிட ஏறியது. ஐந்தாம் நாளும் அப்படியே. நாக்கு வெளுத்துப் படிந்திருந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டாக்டரிடம் போய்விடலாங்க" என்றாள் என் மனைவி.

"போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? மூத்தவளுக்கு ஆனது மறந்துவிட்டதா?" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவெல்லாம் ஈரத்துணியை நனைத்து நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். இதில் உண்மையை மறைத்துப் பயனில்லை. எனக்கு அச்சம் இருந்தது. ஆனால் அச்சத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அத்தனை பேர் முன்னிலையில் பேசியவன், எட்டு மாதம் கழியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசி போடப் போனால் நண்பர்கள் என்ன நினைப்பார்கள்? காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு தகப்பன் நினைத்த நினைப்பு இது.

எட்டாம் நாள் மாலை. நான் வேலையிலிருந்து திரும்பினேன். என் தாயார் கஷாயச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஐயா, இது என் கஷாயத்துக்கு அடங்குகிற காய்ச்சல் இல்லை. பிள்ளையைத் தூக்கு."

"இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே அம்மா" என்றேன்.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஒரு நாள், ஒரு நாள் என்று பார்த்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயசு. ஊரில் இருந்த பச்சிலை எல்லாம் அரைத்தாயிற்று. இருபத்தோராம் நாள் வயிறு உப்பிப் போய்ச் சேர்ந்தான். விஷக்காய்ச்சல் என்றார்கள். அன்றைக்கு எங்களுக்குப் போக்கிடம் இல்லை, ஐயா. உனக்கு என்ன வந்தது?"

அந்த மாமாவைப் பற்றி அதற்குமுன் அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ரயில்வே மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மராத்தியர். பிள்ளையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாக? என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். "எட்டு நாள். ஒன்றும் கொடுக்கவில்லை" என்றேன். என் மனைவி குறுக்கிட்டுத் தனக்குத் தெரிந்த இந்தியில், "கஷாயம் கொடுத்தோம், டாக்டர். தினம் இரண்டு வேளை" என்றாள். டாக்டர் சினந்துகொள்ளவில்லை. அதில் என்னென்ன இருந்தன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "எதைக் கொடுத்திருந்தாலும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நாங்கள் இருட்டில் மருந்து கொடுக்கவேண்டி வரும்" என்றார்.

ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். டைபாய்டு என்பது உறுதியாயிற்று. அத்தோடு மற்றொரு செய்தியும் அதே தாளில் வந்தது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி மடியும், எதற்கு மடியாது என்னும் பட்டியல் அது. ஒரு காலத்தில் டைபாய்டுக்குப் பெயர் பெற்றிருந்த சிப்ரோபிளாக்சசின், மடியாத பக்கத்தில் இருந்தது. அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளாக, வெளியூர் சென்று வயிறு கெட்டால் கடையில் அதே மாத்திரையை இரண்டு வாங்கி விழுங்கி, வயிறு நின்றதும் மிச்சத்தைப் பையில் போட்டு வைப்பது என் வழக்கம். நம்மில் பலருக்கும் அதுவே வழக்கம். என் இரண்டு மாத்திரையால் என் பிள்ளையின் கிருமி வலுத்தது என்று சொல்லவில்லை. ஆனால் என்னைப்போன்ற பல லட்சம் பேர் அரைகுறையாக விழுங்கிய மாத்திரைகளுக்கு நடுவில்தான் அந்தக் கிருமி பயிற்சி பெற்றிருக்கிறது.

செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஊசி மருந்தை நாள்தோறும் நரம்பில் ஏற்றினார்கள். நான்கு நாள் ஒரு மாறுதலும் இல்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று பிற்பகல் பிள்ளை கண்ணைத் திறந்து, "ஆச்சி, தயிர்ச் சோறு" என்றான். என் தாயார் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பியபோது அவன் இரண்டரைக் கிலோ இளைத்திருந்தான்.

இதில் இன்னொரு பகுதியும் உண்டு. ஊசி போட்ட ஆறாம் நாள் இளையவனுக்கும் வயிற்றுப்போக்குக் கண்டது. எனக்கு உடல் பதறியது. பழைய எண்ணம் மீண்டும் தலைதூக்கியது. ஆனால் இம்முறை நான் மருந்தை நிறுத்தச் சொல்லாமல், டாக்டரிடம் கேட்டேன். கேட்டபோதுதான் தெரிந்தது, மூத்தவளின் காலத்தில் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது என்று.

அவர் சொன்னதை என் தொழிலின் மொழியில் சொல்லுகிறேன். நான் ஒட்டும் சீட்டில் இடார்சி என்று இருந்தால் மூட்டை இடார்சியில் இறங்கும். ஆன்டிபயாடிக்குக்கு அப்படிச் சீட்டு இல்லை. தொண்டைக் கிருமிக்காக விழுங்கினாலும் அது உடலெங்கும் செல்லுகிறது. நம் குடலில் உணவைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழுகின்றன. அவற்றையும் அது கொல்லுகிறது. ஆகவே வயிறு போகிறது. பெரும்பாலும் மருந்து முடிந்ததும் தானே சரியாகிவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும் தயிரும் கொடுத்து வந்தால் போதும். ரத்தம் கலந்து போனாலோ, கடுமையான வயிற்றுவலி இருந்தாலோ உடனே சொல்லவேண்டும். நல்ல கிருமி ஒழிந்த இடத்தில் கெட்ட கிருமி குடியேறி, குடலைப் புண்ணாக்குவதும் உண்டு.

"அப்படியானால் பக்க விளைவு என்பது உண்மைதானே?" என்று கேட்டேன்.

"யார் இல்லை என்றது?" என்று சிரித்தார் அவர். பிறகு வரிசையாகச் சொன்னார். பென்சிலின் இனத்து மருந்துகள் சிலருக்கு ஒவ்வாமல், மூச்சுத் திணறி உயிரையே பறிக்கக்கூடும். 1943-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டுக் காசநோயாளிகளை வாழவைத்த ஸ்ட்ரெப்டோமைசின், சிலருடைய செவிப்புலனைக் கெடுத்தது. டெட்ராசைக்ளினைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தால் பற்களில் நீங்காத கறை படியும். சிப்ரோபிளாக்சசின் இனம் தசைநாரைப் பாதிக்கக்கூடும் என்று 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. "இவையெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறோம். நோயின் கேடு பெரிதா, மருந்தின் கேடு பெரிதா என்று தராசில் வைத்துப் பார்க்கவேண்டும். மருந்தில்லாத காலத்தில் டைபாய்டு வந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள். அந்தத் தட்டில் உங்கள் பிள்ளை இருக்கிறான், இந்தத் தட்டில் நாலு நாள் வயிற்றுப்போக்கு இருக்கிறது" என்றார்.

நான் மூத்தவளின் கதையையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பிள்ளைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ் கிருமியால் வருவது என்றார். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில நாளில் தானே தீரும். அன்று அந்த மருந்து அவளுக்குத் தேவைப்படாமலே இருந்திருக்கலாம். நிறுத்தியதால் வயிறு நின்றது. தீரவேண்டிய நாளில் காய்ச்சல் தீர்ந்தது. சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் தொண்டை வலியில் ஒரு வகை பாக்டீரியாவால் வருவது. அதைச் சரியாகத் தீர்க்காவிட்டால் முடக்குக் காய்ச்சலாகி இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். எது எந்த வகை என்பதைப் பார்த்துச் சொல்லவே டாக்டர் இருக்கிறார். தடிப்பு வந்த செய்தியை மட்டும் இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லவேண்டும் என்று எச்சரித்தார்.

ஆக, நான் மேடையில் நின்று முழங்கிய சான்று, சான்றே அன்று. தானாக நிற்கவிருந்த ரயிலுக்குக் கொடியாட்டிவிட்டு, நான்தான் நிறுத்தினேன் என்று மார்தட்டியவன் கதை என் கதை.

இதைக் கேட்டு, மூலிகையெல்லாம் பொய் என்று நான் சொல்லப்போவதாக யாரும் எண்ணவேண்டாம். திருப்பிக் கொடுக்காமல் நான் வைத்துக்கொள்ளும் பாதி இங்கேதான் இருக்கிறது.

பிள்ளை குணமாகிவரும்போது அவனுக்கு இருமல் இருந்தது. டாக்டர் சளியை இளக்கும் ஒரு சிரப் எழுதினார். அம்ப்ராக்சால் என்று அதில் போட்டிருந்தது. என் தாயார் தயங்கித் தயங்கி, "ஆடாதோடை கொடுக்கலாமா என்று கேள், ஐயா" என்றார். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர், "உங்கள் அம்மாவின் செடிதான் இந்தப் புட்டிக்குள் இருக்கிறது" என்றார். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருளைப் பின்பற்றி ப்ரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். அதன் வழிவந்ததே அம்ப்ராக்சால். என் தாயார் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று அவர் முகத்தில் கண்ட நிறைவை வேறு எப்போதும் நான் கண்டதில்லை.

இவ்வாறு செடியிலிருந்து பிறந்த மருந்துகள் பல. சீன நாட்டில் பழைய வைத்திய நூல் ஒன்றைப் படித்து, ஒரு மாசிப்பத்திரி இனத்துச் செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்ட டு யூயூ என்னும் அம்மையாருக்கு 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு ஏன், 1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பென்சிலினே ஒரு பூஞ்சைக் காளானின் கொடைதான். "இயற்கை மருந்து, செயற்கை மருந்து" என்று நான் மேடையில் கிழித்த கோடு, கிழித்த இடத்திலேயே அழிந்துபோகிறது. பார்க்கவேண்டிய கோடு வேறு: இன்ன நோய்க்கு இன்ன அளவில் கொடுத்தால் இன்ன பயன் உண்டு என்று சோதித்து அறிந்தது எது, அறியாதது எது என்பதே.

மூலிகைக்கும் பக்க விளைவு உண்டு. அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்த அழுத்தம் உள்ள என் தாயார் அதை நாள்தோறும் வாயில் அடக்கிக்கொண்டிருந்தார், இப்போது விட்டுவிட்டார். நிலவேம்பைக் கருவுற்ற பெண்கள் உட்கொள்ளலாகாது. 2021-ஆம் ஆண்டில், சீந்திலைப் பலநாள் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டிருந்ததாக மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் தகுதியுடையவனல்லன். நல்ல மூலிகை என்று சொல்லிவிட்டால் அளவும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம் என்பது தவறு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுகிறேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன்கூட ஆகாது. சித்த வைத்தியம் செய்துகொள்ள விரும்புவோர் அதை முறையாகக் கற்ற சித்த மருத்துவரிடம் செல்லவேண்டும்; ஊரிலிருந்து வரும் பெயரற்ற பொடிப் பொட்டலத்திடம் செல்லலாகாது. பார்சல் குமாஸ்தாவாகிய நான் சீட்டில்லாத மூட்டையை வண்டியில் ஏற்றமாட்டேன். வயிற்றில் மட்டும் ஏற்றலாமா?

இவ்வளவும் நடந்தபின் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். கஷாயத்தின்மேல் எனக்கு ஏன் அத்தனை வெறி? ஊரில் இருந்த நாளில் நான் அதைக் குடிக்க மறுத்து வேப்பமரத்தடியில் கொட்டியவன் அல்லவா? எண்ணிப் பார்த்தபோது விடை தெளிவாயிற்று. இந்த ஊரில் டாக்டர் பேசுவது எனக்குப் பாதி புரிவதில்லை. நான் பேசுவது அவருக்குப் பாதி புரிவதில்லை. கேட்கக் கூச்சம், கேட்டால் படிக்காதவன் என்று நினைப்பாரோ என்ற தயக்கம். புரியாத மருந்து அச்சத்தைத் தருகிறது. தாயார் காய்ச்சும் கஷாயமோ நம் மொழியில் பேசுகிறது. நம் வீட்டு மணத்தோடு வருகிறது. நான் மருந்து என்று எண்ணிக் கொண்டாடியதில் பாதி, ஊர் நினைவு. ஊர் நினைவு தவறன்று. அது இல்லாவிடில் இந்தச் சங்கம் ஏது, இந்தப் பத்திரிகை ஏது? ஆனால் டைபாய்டுக் கிருமிக்கு ஊர் நினைவு தெரியாது.

ஆகவே, என் போன்ற குடும்பங்களுக்குச் சில சொற்கள். டாக்டர் சீட்டு எழுதியதும் எழுந்து வந்துவிடவேண்டாம். இது ஆன்டிபயாடிக்கா, எதற்காக, எத்தனை நாள், என்ன ஆனால் திரும்பி வரவேண்டும் என்று நான்கு கேள்வி கேளுங்கள். மொழி தடுமாறினால், பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளையே அழைத்துச் செல்லுங்கள். என் மூத்தவள் என்னைவிட நன்றாக இந்தியும் மராத்தியும் பேசுகிறாள். சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், மருந்து எழுதாத டாக்டர் மட்டமானவர் என்று எண்ணி வேறிடம் போகாதீர்கள். மாத்திரை அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்து அது என்பதை நாம் அறிவதற்காக 2016-ஆம் ஆண்டில் அரசாங்கம் அதைப் பற்றிப் பிரசாரம் செய்தது. சிவப்பைக் கண்டால் நிற்கவேண்டும் என்று ரயில்வேக் குடும்பங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டுமா? மிச்ச மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். அடுத்த வீட்டாருக்கும் கொடுக்காதீர்கள். குறைந்த அளவில் விழுங்கினால் கிருமி மடியாமல் பழகிக்கொள்ளும் என்று ஃபிளெமிங் தமது நோபல் பேருரையிலேயே, 1945-ஆம் ஆண்டில், எச்சரித்துவிட்டார். தயிர் நல்லது என்றேன். ஆயினும் டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்றவற்றைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து விழுங்கினால் மருந்தின் வலிமை குன்றும். இடைவெளி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைபாய்டுக்குத் தடுப்பூசி உண்டு. எங்கள் மூத்தவளுக்குப் போட்டுவிட்டோம். குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம்.

கஷாயம் எங்கள் வீட்டில் நின்றுவிடவில்லை. சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் சட்டி இன்றும் அடுப்பேறுகிறது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் சட்டி இறங்கும். நாங்கள் மருத்துவமனைக்குப் புறப்படுவோம். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ மூன்று நாளும் இல்லை. இந்தச் சட்டத்தை இயற்றியவர் என் தாயார். கஷாயத்தின் எல்லையை அவர் அறிந்திருந்தார். அதை அறியாமல் பிரசங்கம் செய்தவன் நான்.

என் பேச்சைக் கேட்டு யாரேனும் மருந்தைப் பாதியில் நிறுத்தியிருந்தால், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுகிறேன். தயவுசெய்து உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அடுத்த பொங்கல் விழாவில் எனக்கு மேடை வேண்டாம். என் தாயார் எல்லோருக்கும் சுக்குமல்லிக் காப்பி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இளையவன் தம்ளர் எடுத்துக் கொடுப்பான். அதைக் குடித்துப் பார்த்துவிட்டு, கைதட்டுவதாக இருந்தால் அவர்களுக்குத் தட்டுங்கள்.